கோபால்ட் குண்டு: அவசரப்படாத பேராசிரியரும் அளந்துகொண்டே இருந்த மாணவர்களும்

புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை எடுத்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருக்கலாம், தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கலாம். அவர்களிடம் கேட்டால் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்வார்கள். படுக்கவைப்பார்கள், உடம்பில் சின்னதாகக் குறி போடுவார்கள், பிறகு எல்லாரும் அறையைவிட்டு வெளியே போய்விடுவார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். கதிர் படும்போது வலி தெரியாது.

அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் ஒருவருடைய கணக்கு இருக்கிறது. எந்தக் கோணத்தில், எவ்வளவு நேரம், எத்தனை ஆழத்துக்குக் கதிர் போக வேண்டும் என்று சரிபார்க்கும் அவர் டாக்டர் இல்லை. இயற்பியல் படித்தவர். மருத்துவ இயற்பியலாளர் என்பது அவருடைய வேலையின் பெயர்.

இயற்பியல் படித்தவருக்கு மருத்துவமனையில் என்ன வேலை? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஹெரால்ட் ஜான்ஸ் என்ற கனடியப் பேராசிரியரின் கதை உதவும். அவர் இறந்து கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. அவரும் ஒரு சிறிய மாணவர் குழுவும் 1951ல் செய்த வேலை, உலகம் முழுக்கப் புற்றுநோய்ச் சிகிச்சையை மாற்றியது.

சீனாவில் பிறந்த கனடியர்

ஜான்ஸ் பிறந்தது கனடாவில் அல்ல. 1915ல், சீனாவின் செங்டு நகரில். பெற்றோர் கிறிஸ்துவ மிஷனரி ஆசிரியர்களாக அங்கே போனவர்கள். அப்பா கணிதம் படித்தவர்.

1920களில் சீனாவில் அரசியல் கொந்தளிப்பு. வெளிநாட்டவர் பலர் கிளம்பினார்கள், ஜான்ஸ் குடும்பமும் கிளம்பியது. வட அமெரிக்காவில் ஊர் ஊராக மாறி, கடைசியில் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் தங்கினார்கள். மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் படிப்பை முடித்த ஜான்ஸ், 1939ல் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார்.

அது இரண்டாம் உலகப் போர் வெடித்த ஆண்டு. ஜான்ஸ் எட்மன்டனில் உள்ள அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போனார். போர்க்காலத்தில் எக்ஸ்ரே மூலம் விமான உதிரிப் பாகங்களைப் பரிசோதிக்கும் வேலையும் செய்தார். வார்ப்பு உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனா உள்ளே இருப்பதை வெளியிலிருந்து துல்லியமாகக் கணக்குப் போடும் பழக்கம் அங்கேயே வந்துவிட்டது.

கோதுமை வயல் நடுவே ஒரு பல்கலைக்கழகம்

போர் முடிந்த 1945ல் ஜான்ஸ் சஸ்கட்டூன் நகருக்கு மாறினார். சஸ்கேட்சுவான் மாநிலத்தில் இருக்கிறது அந்த ஊர். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கோதுமை வயல். குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகும். மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே 10 லட்சத்துக்குக் குறைவு. பெரிய அறிவியல் கண்டுபிடிப்பு அங்கிருந்து வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அந்த மாநிலத்தில் வேறு எங்கும் அவ்வளவாக இல்லாத ஒன்று இருந்தது. 1944ல் கொண்டுவரப்பட்ட சட்டப்படி, புற்றுநோய்க்கான பரிசோதனையும் சிகிச்சையும் குடியிருப்பாளர்களுக்கு இலவசம். செலவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

இலவசம் என்றால் நோயாளிகள் வருவார்கள். வருகிறவர்களுக்குச் சரியான கருவி வேண்டும், கருவிக்கு இயற்பியல் தெரிந்த ஆள் வேண்டும். மாநிலப் புற்றுநோய்ச் சேவையின் தலைவராக இருந்த மருத்துவர் ஆலன் பிளேருக்கு இது நன்றாகவே தெரியும். ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பாடம் எடுத்துக்கொண்டே புற்றுநோய் ஆணையத்துக்கும் வேலை செய்வது என்று ஏற்பாடானது.

இன்று ஒரு பல்கலைக்கழகத் துறையும் மருத்துவமனையும் சேர்ந்து ஆய்வு செய்வது சாதாரணம். அப்போது அது புதுசு.

தோல் கருகியது, கட்டி தப்பியது

அப்போதைய சிகிச்சையில் என்னதான் பிரச்சினை?

1940களில் பெரும்பாலான மருத்துவமனைகளில் இருந்தவை இரண்டு இரண்டரை லட்சம் வோல்ட்டில் ஓடும் எக்ஸ்ரே இயந்திரங்கள். அந்தக் கதிர் உடம்புக்குள் போகப் போகச் சீக்கிரமே பலம் இழந்துவிடும். தோலில் 100 பங்கு விழுந்தால், 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் கட்டிக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும்.

யோசிச்சுப் பாருங்க. கருப்பை வாய், சிறுநீர்ப்பை, நுரையீரல் எல்லாம் உடம்பின் உள்ளே ஆழத்தில் இருக்கும் உறுப்புகள். அங்கே உள்ள கட்டிக்குப் போதுமான கதிர் கொடுக்கணும்னா, மேலே இருக்கிற தோல் அதைப்போல மூன்று மடங்கு தாங்கணும். தாங்காது. தோல் சிவந்து, வெந்து, புண்ணாகிவிடும். டாக்டர் பாதியிலேயே நிறுத்த வேண்டியிருக்கும். கட்டி பிழைத்துக்கொள்ளும்.

ரேடியம் நல்ல மாற்று. ஆனால் அதன் விலை மிக அதிகம், கிடைப்பதோ மிகக் குறைவு. மருத்துவமனைகள் அதைக் கிராம் கணக்கில்கூட அல்ல, மில்லிகிராம் கணக்கில் பூட்டி வைத்துப் பயன்படுத்தின.

ஆக, தேவை இதுதான்: தோலை அதிகம் தொடாமல் ஆழத்துக்குப் போகும் கதிர்.

அணு உலையில் வெந்த உலோகம்

முதல் முயற்சி பீட்டாட்ரான். எலெக்ட்ரான்களை வட்டப் பாதையில் சுற்றவிட்டு வேகம் ஏற்றி, மிகச் சக்திவாய்ந்த எக்ஸ்ரேயை உண்டாக்கும் இயந்திரம். 1948ல் சஸ்கேட்சுவான் பல்கலைக்கழகம் ஒன்றை வாங்கியது. அணு ஆய்வுக்காக வந்த இயந்திரம் அது. ஜான்ஸ் குழு அதைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் பயன்படுத்தியது. கதிர் ஆழமாகப் போனது. ஆனால் அது சிக்கலான இயந்திரம், எல்லா ஊர் மருத்துவமனையும் வாங்கி ஓட்டக்கூடியது இல்லை.

இரண்டாவது யோசனை ஒரு வகுப்பறையிலிருந்து வந்தது. 1946ல் பிரிட்டிஷ் மருத்துவ இயற்பியலாளர் மேனியர்ட் டொரோண்டோவில் விரிவுரைகள் ஆற்றினார். கேட்கப் போனவர்களில் ஜான்ஸும் ஒருவர். ரேடியத்துக்குப் பதில் கோபால்ட்-60ஐப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அங்கே அவருக்குக் கிடைத்தது.

கோபால்ட்-60 என்றால் என்ன? கோபால்ட் சாதாரண உலோகம். நீல நிறச் சாயம் தயாரிக்க நூற்றாண்டுகளாகப் பயன்படுவது. அதை அணு உலைக்குள் வைத்தால், அதன் அணுக்கள் ஆளுக்கொரு நியூட்ரானை விழுங்கிக் கதிரியக்கம் உள்ளதாக மாறும். அதிலிருந்து வெளிவரும் காமா கதிர் பத்து லட்சம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட எக்ஸ்ரேக்குச் சமம். மின்சாரமே வேண்டாம், தானாகக் கதிர் விட்டுக்கொண்டே இருக்கும். அதன் பலம் பாதியாகக் குறைய ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும்.

முக்கியமான சாதகம் இன்னொன்று. இந்தக் கதிரின் உச்ச அளவு தோலின்மேல் விழாது. தோலுக்குக் கீழே அரை சென்டிமீட்டர் தாண்டித்தான் உச்சத்துக்கு வரும். 10 சென்டிமீட்டர் ஆழத்திலும் அந்த உச்சத்தில் பாதிக்குமேல் மிஞ்சும். தோல் தப்பிக்கும், கட்டி மாட்டிக்கொள்ளும்.

போதுமான வீரியத்தோடு இதைத் தயாரிக்கச் சக்திவாய்ந்த அணு உலை வேண்டும். கனடாவின் சாக் ரிவரில் அப்படி ஒன்று இருந்தது. 1949ல் ஜான்ஸ் அங்கே கோரிக்கை வைத்தார். கோபால்ட் தகடுகள் உலைக்குள் போயின. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு உள்ளேயே இருந்தன.

வெளியே வந்தது உள்ளங்கையில் அடங்கும் அளவு, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் அகலம். அதன் கதிர்வீச்சு ஏறத்தாழ 1,000 கியூரி. அதே அளவு கதிரை ரேடியத்திலிருந்து எடுக்க வேண்டுமானால் ஒரு கிலோவுக்கும் மேல் ரேடியம் தேவைப்பட்டிருக்கும். அவ்வளவு ரேடியம் எந்த மருத்துவமனையிடமும் இருந்ததில்லை.

கையில் எடுத்துப் பார்க்க மட்டும் முடியாது. எடுத்தவர் பிழைக்க மாட்டார்.

பட்டப்படிப்பு ஆய்வா, நோயாளியின் உயிரா?

இப்போது மாணவர்கள் கதைக்குள் வருகிறார்கள்.

இந்தக் கோபால்ட்டை அடைத்துவைக்க, தேவையான நேரம் மட்டும் திறந்து மூட, சரியான திசையில் குறிவைக்க ஓர் இயந்திரம் தேவை. கடையில் கிடைக்காது, அப்படி ஒன்று அதுவரை இருந்ததே இல்லை. ஜான்ஸின் மாணவர் லாய்ட் பேட்ஸ் வடிவமைப்பில் கைகொடுத்தார். சஸ்கட்டூனில் பட்டறை நடத்திய ஜான் மெக்கே உருவாக்கித் தந்தார். ஆக, உலகின் முதல் கோபால்ட் சிகிச்சை இயந்திரங்களில் ஒன்று உருவானது உள்ளூர்ப் பட்டறையில்.

வேலை செய்யும் விதம் எளிது. ஈயம் நிறைந்த கனமான தலைப்பகுதி. அதற்குள் ஒரு சக்கரம். சக்கரத்தின் ஓரத்தில் கோபால்ட். சக்கரம் சுற்றிக் கோபால்ட் துவாரத்துக்கு நேரே வந்தால் கதிர் வெளியே வரும். மறுபடி சுற்றினால் ஈயத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

கோபால்ட் 1951 ஜூலை இறுதியில் சஸ்கட்டூன் வந்து சேர்ந்தது. இயந்திரம் தயார். நோயாளிகளும் காத்திருந்தார்கள். ஆனால் ஜான்ஸ் சிகிச்சையைத் தொடங்கவில்லை. முதலில் அளக்க வேண்டும் என்றார்.

அந்த அளவெடுக்கும் வேலையில் பெரும்பங்கு வகித்தவர் சில்வியா ஃபெடோருக். வயது 24. உக்ரேனிய வம்சாவளிக் குடும்பத்தின் ஒரே பிள்ளை. சின்ன வயதில் அப்பாவே ஆசிரியராக இருந்த ஓரறைக் கிராமப் பள்ளியில் படித்தவர். ஜான்ஸிடம் முதுகலைப் பட்டம் முடித்த கையோடு புற்றுநோய் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆய்வுக்கூடத்தில் கருவிகளோடு இருப்பார், மற்ற நேரம் விளையாட்டுத் திடலில் இருப்பார். பல்கலைக்கழகத்துக்காகப் பல விளையாட்டுகளில் வெற்றி பெற்றவர். 1961ல் கனடாவின் தேசியப் பெண்கள் கர்லிங் போட்டியில் வென்ற அணியிலும் இருந்தார்.

என்ன அளந்தார்கள்? மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் உடம்புக்குப் பதில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கோபால்ட் கதிரைத் தொட்டிமேல் விழவிட்டு, உள்ளே கதிரை அளக்கும் சின்னக் கருவியை வைப்பார்கள். ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் எவ்வளவு? இரண்டில் எவ்வளவு? நடுவில் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு? கதிர் விழும் பரப்பைக் கொஞ்சம் பெரிதாக்கினால்? சின்னதாக்கினால்? ஒவ்வொரு பரப்புக்கும், ஒவ்வொரு ஆழத்துக்கும் இதே வேலை திரும்பத் திரும்ப.

சலிப்பு தட்டும் வேலைதான். கணினி இல்லாத காலம். அளவைக் கையால் எழுதி, கையால் வரைபடம் போட வேண்டும்.

ஆனால் ஓர் எண் தப்பானால் என்ன ஆகும்? அதிகமாகப் போனால் நோயாளியின் குடல் பாதிக்கப்படும். குறைவாகப் போனால் கட்டி மறுபடி வளரும். இரண்டுமே உயிர் விஷயம். மாணவர் திட்டப் பணியில் தப்பு நடந்தால் மதிப்பெண் குறையும். இங்கே அப்படி இல்லை.

முதலிடம் கைநழுவியது

சாக் ரிவரில் தயாரான கோபால்ட் ஜான்ஸுக்கு மட்டும் போகவில்லை. ஒன்டாரியோ மாநிலத்தில் லண்டன் என்ற பெயரிலேயே ஒரு நகரம் இருக்கிறது. அங்கிருந்த மருத்துவமனைக்கும் ஒன்று போனது. அதற்கான இயந்திரத்தை வேறொரு குழு தனியாக வடிவமைத்திருந்தது.

லண்டன் குழு 1951 அக்டோபர் 27ஆம் தேதி முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தது. சஸ்கட்டூன் குழுவுக்குக் கோபால்ட் முன்கூட்டியே வந்திருந்தும், அவர்கள் முதல் நோயாளியை இயந்திரத்தின்கீழ் படுக்கவைத்தது நவம்பர் 8ஆம் தேதி. வித்தியாசம் 12 நாள்.

யார் முதல் என்ற பேச்சு கனடாவில் இன்றும் அவ்வப்போது வரும். காலண்டரைப் பார்த்தால் லண்டன்தான். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடலாம். காத்திருந்தது சரியா? நோயாளிகள் வாசலில் நிற்கும்போது மூன்று மாதம் தண்ணீர்த் தொட்டியை அளந்துகொண்டிருப்பது நியாயமா? புற்றுநோய்க்கு ஒவ்வொரு வாரமும் கணக்குத்தான். இதற்குச் சுலபமான பதில் இல்லை. ஜான்ஸ் எடுத்த முடிவு: கதிர் எங்கே எவ்வளவு விழுகிறது என்று தெரியாமல் கொடுப்பது சிகிச்சை ஆகாது.

அந்த மூன்று மாதத்தில் கிடைத்த எண்கள் வீண்போகவில்லை. ஜான்ஸ் குழு அவற்றை 1952ல் அட்டவணைகளாக வெளியிட்டது. கோபால்ட் இயந்திரம் வாங்கிய மற்ற மருத்துவமனைகளும் அவற்றைப் பயன்படுத்தின. ஒவ்வோர் ஊரிலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டிய பாடு மிச்சமானது. சஸ்கட்டூன் நோயாளிகள் காத்திருந்த காலம், வேறு ஊர் நோயாளிகளுக்குச் சேமிப்பானது.

43 வயதுத் தாய்

சஸ்கட்டூனில் அந்த நவம்பர் நாளில் படுத்த முதல் நோயாளி ஒரு பெண். வயது 43. நான்கு பிள்ளைகளின் தாய். முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோய். பழைய எக்ஸ்ரே இயந்திரத்தால் எட்ட முடியாத ஆழத்தில் இருந்த கட்டி.

அவருக்கான கதிர் அளவைத் திட்டமிட்டதில் ஃபெடோருக்குக்கும் பங்கு உண்டு.

அந்தப் பெண் குணமானார். 90 வயதுவரை வாழ்ந்தார். இன்னொரு முறை படியுங்கள்: 43 வயதில் கைவிடப்படும் நிலையில் இருந்தவர், 90 வயதுவரை.

அந்த ஓர் இயந்திரம் 1972 வரை ஓடியது. அதில் சிகிச்சை பெற்றவர்கள் 6,700க்கும் அதிகமானோர். இப்போது அது சஸ்கட்டூனில் ஓர் அரும்பொருளகத்தில் இருக்கிறது.

பத்திரிகைகள் அந்த இயந்திரத்துக்கு வைத்த பட்டப்பெயர் கோபால்ட் குண்டு. ஹிரோஷிமா நடந்து ஆறே ஆண்டுதான் ஆகியிருந்தது. அணு என்றாலே குண்டு என்று மக்கள் நினைத்த காலம். அந்தக் குண்டு வெடிக்கவில்லை.

மாணவர்கள் என்ன ஆனார்கள்?

ஜான்ஸ் 1956ல் டொரோண்டோவுக்கு மாறினார். அங்கே புதிதாக உருவாகிக்கொண்டிருந்த புற்றுநோய்க் கழகத்தின் இயற்பியல் பிரிவைக் கட்டியெழுப்பினார். டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் மருத்துவ உயிர் இயற்பியல் துறைக்கும் தலைமை தாங்கினார். இயற்பியல், உயிரியல், மருத்துவம் படித்தவர்கள் ஒரே கூரையின்கீழ் வேலை செய்யும் துறை அது.

அவர் எழுதிய பாடநூல் முதலில் 1953ல் வந்தது. பிறகு ஜாக் கன்னிங்ஹாமோடு சேர்ந்து விரிவாக்கிய பதிப்புகள், 1983ல் வந்த நான்காம் பதிப்புவரை, பல தலைமுறை மாணவர்களின் மேசையில் இருந்தன. மருத்துவ இயற்பியல் படிப்பவர்கள் ஜான்ஸ்-கன்னிங்ஹாம் என்று சொன்னாலே எந்தப் புத்தகம் என்று புரிந்துகொள்வார்கள்.

சஸ்கட்டூன் மாணவர்களில் இன்னொருவர் ஜேம்ஸ் டில். கோபால்ட் வேலையில் பழகிய அந்த இளைஞர், யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்து டொரோண்டோவுக்கு வந்தார். அங்கே மருத்துவர் எர்னஸ்ட் மெக்கல்லக்குடன் சேர்ந்து எலிகளுக்குக் கதிர் பாய்ச்சி, எலும்பு மஜ்ஜை அணுக்களைச் செலுத்தி ஆராய்ந்தார். எலிகளின் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிந்தன. அவற்றை எண்ணிக் கணக்குப் போட்டதில், ரத்தத்தை உற்பத்தி செய்யும் மூல அணுக்கள் இருப்பதற்கான ஆதாரம் 1961ல் வெளியானது. ஸ்டெம் செல் ஆய்வின் தொடக்கம் என்று சொல்லப்படுவது அதுதான். இயற்பியல் மாணவர் எண்ணப் பழகியிருந்தது அங்கே உதவியது.

ஃபெடோருக் சஸ்கட்டூனை விட்டுப் போகவில்லை. மாநிலப் புற்றுநோய் நிலையத்தின் முதன்மை மருத்துவ இயற்பியலாளர் ஆனார். 1986ல் அதே பல்கலைக்கழகத்தின் முதல் பெண் வேந்தர். 1988ல் மாநிலத்தின் முதல் பெண் துணை ஆளுநர். கனடாவில் அது மன்னராட்சியின் பிரதிநிதியாக மாநிலத்தில் வகிக்கும் பதவி. 2012ல் காலமானார். ஓரறைப் பள்ளியில் தொடங்கிய பயணம்.

ஜான்ஸ் 1998ல், 83 வயதில் காலமானார்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கோபால்ட் இயந்திரத்தின் பெரிய பலம் அதன் எளிமை. அடிக்கடி மின்தடை வரும் ஊரில்கூடக் கதிர் நிற்காது. பழுதாவதற்கு அதில் உறுப்புகளும் குறைவு. அதனால்தான் வளரும் நாடுகளுக்கு அது வேகமாகப் பரவியது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் 1954ல் தொடங்கிய புற்றுநோய் நிலையத்துக்கும் 1950களின் பிற்பகுதியிலேயே ஒரு கோபால்ட் இயந்திரம் வந்துவிட்டது. சஸ்கட்டூனில் இருந்த அதே இயந்திரம் அல்ல, ஆனால் அதே தத்துவம்.

இப்போது பல மருத்துவமனைகளில் கோபால்ட்டின் இடத்தை லினாக் எனப்படும் நேர்கோட்டு முடுக்கிகள் பிடித்துவிட்டன. அவற்றை அணைத்துவிட்டால் கதிர் இல்லை. கோபால்ட்டை அணைக்க முடியாது, பாதுகாப்பாகப் பூட்டி வைக்கத்தான் முடியும். பயன்படுத்தி முடித்த பிறகும் அதைப் பத்திரமாக அகற்ற வேண்டும். அந்தச் சிக்கலும் உண்மை. ஆனாலும் கோபால்ட் முழுதாக ஓய்வு பெறவில்லை. மூளைக் கட்டிகளுக்கான காமா நைஃப் சிகிச்சையில் ஏறக்குறைய 200 சின்னக் கோபால்ட் மூலங்கள் ஒரே புள்ளியைக் குறிவைக்கின்றன.

கருவி மாறினாலும் ஒன்று மாறவில்லை. புதிய லினாக் வந்து இறங்கியதும் மறுநாளே நோயாளியைப் படுக்கவைக்க மாட்டார்கள். மருத்துவ இயற்பியலாளர்கள் முதலில் தண்ணீர்த் தொட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆழம் ஆழமாக, பரப்பு பரப்பாக அளப்பார்கள். அது முடிய வாரக்கணக்கில் ஆகும். வெளியே வரிசை இருந்தாலும் அளப்பார்கள்.

இயற்பியல் படித்தால் ஆசிரியர் வேலைதான் என்று வீட்டில் யாராவது சொன்னால், இந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொல்லுங்க.